சாவடியில் நின்ற நாலாவது ஆள்

டூங்கபி, சிட்னி
10.03.2025

அன்புத் தம்பி அருந்தவனுக்கு,

நானும் உன் அத்தானும் சுகமாக இருக்கிறோம். அத்தானின் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகவில்லை. உன் காதுக்குப் புது மெஷின் வந்துவிட்டதா? நாகலட்சுமியின் பிரஷர் எப்படி? உனக்குப் போனில் ஒன்றும் விளங்காது, மணி அடித்தால் அவள்தான் எடுக்கிறாள். அதனால் நாடகம் பார்த்த கதையெல்லாம் வழக்கம்போலக் கடிதத்தில்தான்.

நேற்றுப் பார்த்த நாடகத்துக்குக் ‘கடைசிச் சாவடி’ என்று பெயர். ஐந்து மணி என்று போட்டுவிட்டு ஐந்து நாற்பதுக்கு விளக்கேற்றினார்கள். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை. ஆசியுரை சொன்னவர் தான் சின்ன வயதில் நடித்த நாடகத்தை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினார். திரை விலகும்போது பிள்ளைகள் வடையைத் தின்று முடித்து, வீட்டுக்குப் போவோமா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

கதை தெரிந்ததுதான். ஒரு பஸ், ஒரு ஆமிச் சோதனைச் சாவடி, பஸ்ஸிலிருந்து இறக்கப்படும் ஒரு கல்யாணப் பெண். பெண்ணாக வந்தது தயாரிப்பாளரின் மகள். வடிவான பிள்ளை, ஆனால் அழும்போதெல்லாம் பின்திரையைப் பார்த்து அழுகிறது. நாங்கள் கண்டது கொண்டையில் இருந்த பூவை மட்டும்தான். தகப்பனாக வந்தவர் வசனத்தை மறந்துபோய் இருமினார். இருமல் நன்றாக வந்ததால் கடைசிவரை அதையே செய்தார். ஷெல் சத்தம் யாரோ ஒருவரின் போனிலிருந்து வந்தது. நடுவில் அந்தப் போனுக்கு யாரோ அழைப்பு எடுக்க, குண்டு விழுகிற இடத்தில் நாதஸ்வரம் கேட்டது. எழுதியவருக்குச் சாவடி என்றால் என்னவென்றே தெரியாது. அங்கே யாரும் அவ்வளவு பேசமாட்டார்கள்.

ஒரேயொரு ஆளை மட்டும் சொல்லவேண்டும். ஆமிக்காரராக நாலு பேர் நின்றார்கள். நாலாவது ஆளுக்கு ஒரு வசனமும் இல்லை. நிகழ்ச்சித்தாளில் சுஜீதன் என்று இருந்தது. மற்ற மூன்று பேரும் அந்த மரக்கட்டைத் துவக்கை விளக்குமாறு போலப் பிடித்தார்கள். இவன் விரலை விசையில் வைக்காமல் பக்கத்தில் நீட்டி வைத்திருந்தான். பஸ் சனம் குறுக்கே போனபோது துவக்கின் முனை தன்பாட்டில் கீழே இறங்கியது. இவன் உண்மையாகவே துவக்கோடு படுத்து எழும்பியவன் என்று எங்கே கேட்டாலும் சொல்வேன். கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இருந்தேன். இவ்வளவு வருடத்தில் சிட்னி மேடையில் எனக்குப் பயம் வந்தது இதுதான் முதல் தடவை.

அத்தான் முதல் காட்சியிலேயே நித்திரை. கைதட்டலுக்கு எழும்பித் தானும் தட்டினார்.

குளிர் தொடங்கமுன் ஊசி போட்டுக்கொள்.

உன் அக்கா
விமலா

---

டண்டினோங், மெல்பேர்ண்
02.04.2025

அன்பின் அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். மெஷின் வந்துவிட்டது. இப்போது எல்லாச் சத்தமும் கேட்கிறது, பேச்சைத் தவிர. அத்தானுக்கு முழங்காலுக்கு ஒரு எண்ணெய் அனுப்புகிறேன்.

உங்களுக்குச் சொல்லாமல் ஒரு வேலை செய்துவிட்டேன். நான் நடத்துகிற ‘யாரா மடல்’ சித்திரை இதழில் உங்கள் கடிதத்தைப் போட்டிருக்கிறேன். பெயர் போடவில்லை, ‘டூங்கபி அக்கா’ என்று மட்டும். இப்படி எழுத இந்த நாட்டில் ஆள் இல்லை அக்கா. எல்லோரும் ‘விழா இனிதே நிறைவுற்றது’ என்றுதான் எழுதுகிறார்கள். முன்னூறு பிரதி அடித்தேன். சிட்னிக் கடைகளுக்கும் ஐம்பது அனுப்பியிருக்கிறேன்.

கோபிக்கக் கூடாது. தயாரிப்பாளரின் மச்சான் எங்களுக்கு முழுப்பக்க விளம்பரம் தருகிறவர். அதனால் குறை சொன்ன இடங்களை வெட்டிவிட்டேன். நாலாவது ஆளைப் பற்றிய பகுதியை இரண்டு தரம் வாசித்தேன். அதில் ஒரு சொல்லும் தொடவில்லை.

அன்புடன் தம்பி
அருந்தவன்

---

டூங்கபி
16.04.2025

தம்பிக்கு,

சுகமா என்று கேட்கிறேன், ஆனால் இன்று எனக்கு மனம் அதில் இல்லை.

உன் இதழ் வந்தது. முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். இருமலும் இல்லை, பூவும் இல்லை, நாதஸ்வரமும் இல்லை. ஒரு விளம்பரத்துக்காக என் நாக்கை அறுத்துவிட்டு, புகழ்ந்த இடத்தை மட்டும் விட்டிருக்கிறாய்.

வருடப்பிறப்பன்று பின்னேரம் வாசலில் ஒரு பெடியன் கேக்கோடு நின்றான். முப்பத்துநாலு வயது, பெடியன் என்று சொல்லக் கூடாது. அந்தச் சுஜீதன்தான். ‘டூங்கபி அக்கா’ யார் என்று டூங்கபியில் தெரியாதவர்கள் இல்லையாம்.

“அன்ரி, என்னைப் பற்றி இதுவரைக்கும் ஒருத்தரும் இப்பிடி எழுதினதில்லை. நாலு தரம் வாசிச்சனான்” என்றான்.

தேத்தண்ணி கொடுத்தேன். மெல்ல மெல்லச் சொன்னான். 2012இல் படகில் வந்தவன். வில்லாவுட் தடுப்பு முகாமில் பதினொரு மாதம். அதற்குப் பிறகு தற்காலிக விசாவில்தான் இருக்கிறான். மனைவி நிரூபா முல்லைத்தீவில். மகள் தாரிணிக்குப் பன்னிரண்டு வயது. இவன் வெளிக்கிட்ட பிறகு பிறந்தவள், இன்னும் நேரில் கண்டதில்லை. ஒருமுறை நிராகரித்து, கோர்ட்டுக்குப் போய், இப்போது திரும்ப விசாரிக்கப் போகிறார்கள்.

“ஜூலை இருபத்திநாலு விசாரணை அன்ரி. இஞ்ச சனத்தோட பழகி நடக்கிறன் எண்டதுக்கு லோயர் அத்தாட்சி கேட்டவ. கோயில் கடிதம், நாடகப் படம் எல்லாம் குடுத்தனான். உங்கட எழுத்தைத்தான் எல்லாத்துக்கும் மேல வைச்சனான்.”

“முழுக்கவோ குடுத்தனீர்?”

“ஓம் அன்ரி. மொழிபெயர்ப்புக்கும் போட்டாச்சு. எனக்கு ஒரு பிரச்சினையும் வராது. நான் ஆயுதமே தொடாத ஆள் எண்டு வந்த முதல் நாளே எழுதிக் குடுத்தனான்.”

தம்பி, அவன் சிரித்துக்கொண்டு கேக் வெட்டுகிறான். அவன் கண்ணுக்குப் புகழ்ச்சி மட்டும்தான் தெரிகிறது. ‘துவக்கோடு படுத்து எழும்பியவன்’ என்று இங்கிலீஷில் வாசிக்கப்போகிற ஆளுக்கு வேறு என்ன தெரியும்? நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் போன பிறகு அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். அதை வாசித்தபோது உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா? உனக்குமா?

அக்கா

---

டண்டினோங்
24.04.2025

அன்பின் அக்காவுக்கு,

அத்தானும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் கண்டு எனக்கும் பயம் பிடித்துவிட்டது. இணையப் பக்கத்திலிருந்து கட்டுரையை எடுத்துவிட்டேன். கடைகளில் போய்ப் பார்த்தேன், எல்லாப் பிரதியும் போய்விட்டது. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடட்டுமா? ‘அந்த வரி ரசிகையின் மிகையான கற்பனை’ என்று இரண்டு வரி. யாரும் அவ்வளவு நுணுக்கமாக வாசிக்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

தம்பி

---

டூங்கபி
30.04.2025

தம்பிக்கு,

எண்ணெய் கிடைத்தது, அத்தான் பூசுகிறார், குசினி அடுப்புவரை மணக்கிறது.

திருத்தம் ஒன்றும் போடாதே. கோடிட்டுக் காட்டியது போலாகிவிடும். தயவுசெய்து பேசாமல் இரு.

சனிக்கிழமை ஹோம்புஷில் இந்தியப் பிள்ளைகள் போட்ட நகைச்சுவை நாடகத்துக்குப் போனேன். மனதை மாற்றலாம் என்று அத்தான் கூட்டிப்போனார். உள்ளதைச் சொல்லவேண்டும். சொன்ன நேரத்துக்குத் தொடங்கினார்கள். எல்லா ஒலிவாங்கியும் வேலை செய்தது. விவேக் என்ற பிள்ளை மூன்று வேடம் போட்டு மூன்றுக்கும் மூன்று நடை நடந்தான். ஹம்சா என்ற பெண் சும்மா நின்றாலே சபை சிரித்தது. நம்மவர்கள் போய்ப் படிக்கலாம்.

ஆனால் கதை, விசா புதுப்பிக்க மறந்துபோன ஒரு ஐடிக்காரனைப் பற்றியது. மணி அடிக்க, இமிக்ரேஷன் ஆள் என்று நினைத்து அவன் குளியலறைக்குள் ஒளிக்கிறான். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. குளிர்காலம் வருகிறது, எனக்கு வியர்க்கிறது. இடைவேளையில் எழும்பி வந்துவிட்டேன். எந்த மோசமான நாடகத்தையும் நான் பாதியில் விட்டு வந்ததில்லை, உனக்குத் தெரியும். இது நல்ல நாடகம்.

தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே யன்னலுக்குப் போகிறேன். நான் முப்பத்தைந்து வருடமாக இந்த நாட்டுக் குடிமகள். எனக்கே இப்படி என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்.

அக்கா

---

டண்டினோங்
08.06.2025

அன்பின் அக்காவுக்கு,

ஐந்து கிழமைக்கு மேலாக உங்கள் கடிதம் இல்லை. நாகலட்சுமியைக் கொண்டு போன் எடுப்பித்தேன். நீங்கள் தோட்ட வளவுக்குள் நிற்பதாக அத்தான் சொன்னாராம். மூன்று தரம் எடுத்தபோதும் வளவுக்குள்தான் நின்றீர்களாம். இந்தக் குளிரில் வளவுக்குள் என்ன இருக்கிறது?

நாடகங்களுக்கும் போவதில்லை என்று கேள்விப்பட்டேன். சுகமில்லையா? இரண்டு வரியாவது போடுங்கள்.

நாகலட்சுமியின் பிரஷர் இப்போது பரவாயில்லை.

தம்பி

---

டூங்கபி
15.06.2025

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

மொழிபெயர்ப்பு வந்துவிட்டது. லோயர் அதை வாசிக்குமுன்னே மற்றப் பத்திரங்களோடு சேர்ந்து விசாரணைக்காரரிடம் போய்விட்டது. பிறகு வாசித்துவிட்டு, இது என்ன என்று சுஜீதனைக் கேட்டிருக்கிறார். அது வெறும் நடிப்பு என்று சொல்லிவிட்டு நேரே இங்கே வந்தான். குசினிக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான்.

“அன்ரி, நீங்கள் எழுதினது…”

“தம்பி, நான் ஒண்டும் கேக்கேல்லை.”

“நீங்கள் கேக்காட்டிலும் நான் சொல்லவேணும். நிரூபாவுக்கும் நான் சொன்னதில்லை.”

சொன்னான். அத்தான் முன்னறையில் டீவி பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னதை இங்கே எழுதமாட்டேன். ஒரு கடிதம் எங்கெல்லாம் போய்ச் சேரும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

லோயரின் பெயர் கல்யாணி, இந்தியத் தமிழ்ப் பிள்ளை, எனக்கு மகளாகும் வயது இருக்கும். எழுதியவரிடமிருந்து ஒரு சத்தியக் கூற்று வேண்டும் என்று போனில் கேட்டது. “உண்மைய மட்டும் எழுதுங்க ஆன்ட்டி, போதும்” என்றது. நான் எழுதினேன். ‘நான் சாதாரண நாடக ரசிகை. துவக்கு பற்றி எனக்கு எதுவும் தெரியாது. நடிப்பைப் புகழ்வதற்காக மிகைப்படுத்தி எழுதினேன்.’ மருந்துக்கடையில் மருந்தாளர் முன்னால் கையெழுத்து வைத்தேன். பொய்யென்று தெரிந்தால் நாலு வருடம் சிறை என்று அந்தப் படிவத்திலேயே இருக்கிறது. மருந்தாளர் பிள்ளை சிரித்த முகத்தோடு முத்திரை குத்திக் கொடுத்தது. என் கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை.

ஒரு நாடகத்தைப் பற்றி நான் முதல்முதலாகச் சொன்ன பொய் அதுதான் தம்பி. தயாரிப்பாளர்கள் வீடு தேடி வந்து கெஞ்சியபோதும் சொல்லாதவள். சொன்ன பிறகு நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

அக்கா

---

டூங்கபி
03.07.2025

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நீ தனியாக இருந்து வாசிக்க வேண்டும். நாகலட்சுமி பக்கத்தில் இருந்தால் மடித்து வைத்துவிடு.

நேற்றுக் கல்யாணி வீட்டுக்கு வந்தது. சுஜீதன் எல்லாவற்றையும் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டானாம். அவனே விசாரணையில் சொல்லப் போகிறான், அதனால் இனி எழுதலாம். பதினாறு வயதில் டியூஷனுக்குப் போன வழியில் ஆயுத இயக்கத்தில் சேர்க்கப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பத்தொன்பது நாள் பயிற்சி, கட்டைத் துவக்கோடு. நித்திரையிலும் அதைக் கையில் வைத்திருக்க வேண்டுமாம். இருபதாம் நாள் தப்பி ஓடிவிட்டான். படகில் வந்தபோது அதைச் சொன்னால் பயங்கரவாதி என்று திருப்பி அனுப்புவார்கள் என்று மறைத்துவிட்டான்.

“சொல்லியிருந்தா அவருக்குச் சாதகமாத்தான் இருந்திருக்கும் ஆன்ட்டி” என்றது கல்யாணி. “ஊருக்குப் போனா ஆபத்துன்னு காட்ட அது ஒண்ணே போதும். இப்ப பதிமூணு வருஷம் கழிச்சுச் சொன்னா, புதுசாக் கதை கட்டுறார்னுதான் சொல்வாங்க. இவரைத் தெரியாத ஒருத்தர், கேஸ் இருக்கிறதே தெரியாதப்ப எழுதின ஒரே சாட்சி உங்க கடிதம்தான்.”

“அதைப் பொய் எண்டு நான் சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன் பிள்ளை.”

“ஆமா ஆன்ட்டி. அதான் இப்ப பிரச்சனை.”

இனி நான் நேரே போய், சத்தியக் கூற்றுத்தான் பொய், கடிதம்தான் உண்மை என்று சொல்ல வேண்டும். அதற்குக்கூட மனதைத் தேற்றிவிட்டேன். ஆனால் அடுத்த கேள்வி வரும். ஒருவன் பயிற்சி எடுத்தவன் என்று உனக்கு எப்படித் தெரியும்?

எனக்கு எப்படித் தெரியும் என்று உனக்குத் தெரியும். எண்பத்தைந்தில் ஆறு மாதம் காணாமல் போய்த் திரும்பி வந்து பன்னிரண்டு நாள் எங்கள் பின்னறையில் ஒளித்திருந்தாய். சாப்பாடு கொண்டுவந்தது நான். நான் குறுக்கே வந்தால் உன் மடியில் இருந்த துவக்கின் முனை தன்பாட்டில் கீழே இறங்கும். விரல் பக்கத்தில் நீட்டியபடி இருக்கும். பிறகு நீ எல்லாவற்றையும் விட்டு வந்தாய், நான் உன்னை இங்கே கூப்பிட்டேன். உன் குடிவரவுப் படிவத்தில் ஆயுதப் பயிற்சி பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதியதும் என் கைதான்.

நான் என்ன சொல்லட்டும்? உன்னைக் கேட்காமல் சொல்லமாட்டேன். போன் எடுத்தால் நாகலட்சுமி எடுக்கிறாள், அவளிடம் என்னவென்று சொல்வேன். இருபத்துநாலுக்கு முன் எழுது.

அக்கா

---

டண்டினோங்
21.07.2025

அக்காவுக்கு,

பதினைந்து நாளாக ஒவ்வொரு காலையும் எழுத இருந்து எழும்பிவிடுகிறேன்.

சொல்லவேண்டாம் அக்கா. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஊர்த் தெரு ஒழுங்கையில் இருந்த பெடியள் என்று சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக்காரன் என்று சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம்.

எனக்கு அரசாங்கப் பயம் மட்டும் என்றால், ‘சொல்லுங்கள்’ என்று எழுதியிருப்பேன். குடியுரிமையை எடுத்தால் எடுக்கட்டும், எனக்கு ஐம்பத்தொன்பது வயது. நாகலட்சுமியின் அண்ணரை எண்பத்தாறில் எந்த இயக்கம் சுட்டது என்று உங்களுக்குத் தெரியும். நான் அப்போது விலகிவிட்டேன், அதில் எனக்கு ஒரு தொடர்பும் இல்லை, ஆனால் அது நான் இருந்த இயக்கம். இருபத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். அந்த அண்ணரின் படத்துக்கு ஒவ்வொரு வெள்ளியும் அவள் பூ வைக்கிறாள். நான் பூ வாங்கிக்கொண்டு வருகிறேன்.

அந்தப் பெடியனை நினைத்தாலும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

தம்பி

---

டூங்கபி
25.07.2025

அருந்தவன்,

உன் கடிதம் நேற்றுப் பின்னேரம் கிடைத்தது. விசாரணை முடிந்து வந்து தபால் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தது. கோட்டையும் கழற்றாமல் வாசலிலேயே நின்று வாசித்தேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது.

சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் விசாரிக்கிற ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், கோபமில்லாத முகம். எனக்கு அந்த முகம்தான் கூடுதல் பயமாக இருந்தது. முதலில் சுஜீதனை இரண்டு மணித்தியாலம் கேள்வி கேட்டார்கள், நான் பின்கதிரையில் இருந்தேன். மேடையில் சும்மா நின்றே என்னை நடுங்க வைத்தவன், இங்கே உண்மையைச் சொல்லும்போது பொய் சொல்கிறவன் மாதிரி இருந்தான். திகதி மாறிச் சொன்னான். தண்ணீர்க் கோப்பையைத் தட்டிவிட்டான். என் கண்ணுக்கே நம்பும்படி இல்லை. அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனையை வைத்துவிட்டார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு பத்திரத்தையும் எனக்கு முன்னால் வைத்து, எது உண்மை என்று கேட்டார். இதழில் வந்ததுதான் உண்மை என்றேன். அப்படியானால் மற்றதில் ஏன் கையெழுத்து வைத்தாய் என்றார். பயத்தில் என்றேன். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது உனக்கே கேடாகலாம், சொல்லாமலும் விடலாம் என்று எச்சரித்தார். நான் சொல்கிறேன் என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். விரலைச் சொன்னேன், முனை இறங்குவதைச் சொன்னேன். யாரிடம் கண்டாய் என்றார்.

ஒழுங்கைப் பெடியள் என்று சொல்ல வைத்திருந்தேன். நீ சொல்லித் தரமுன்னே நானும் அதைத்தான் யோசித்து வைத்திருந்தேன். சொன்னேன். ஒழுங்கையால் போகிறவனின் விரல் எங்கே இருந்தது என்று இவ்வளவு கிட்ட எப்படிக் கண்டாய் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்குமுன்னே எனக்கு விளங்கிவிட்டது. சற்று முன்தான் ஒரு பொய்யை ஒத்துக்கொண்டவள் நான். இரண்டாவதும் கையில் பிடிபட்டால், நான் சொன்னது எல்லாம் பொய்யாகிவிடும். சுஜீதன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் தம்பியிடம் கண்டேன் என்று சொன்னேன். பெயரைக் கேட்டார். சொன்னேன். எழுத்துக்கூட்டச் சொன்னார், கூட்டினேன். படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதியது நான் என்பதையும் சொன்னேன். அவர் பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார்.

உன் பதில் வரும்வரை சொல்லமாட்டேன் என்று எழுதிவிட்டுச் சொல்லிவிட்டேன். நாகலட்சுமியை நினைக்காமல் சொல்லவில்லை, நினைத்துக்கொண்டே சொன்னேன். இதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. முடிவு வர இரண்டு மாதம் ஆகலாமாம். என்னைத் திட்டியாவது எழுது.

அக்கா

---

டண்டினோங்
20.09.2025

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து எட்டுக் கிழமை. நீங்கள் பிறகு போட்ட மூன்றையும் நான் திறக்கவில்லை. அப்படியே இருக்கின்றன.

முதல் மாதம் வீட்டுக்கு முன்னால் கார் நின்றால் பின்கதவால் வளவுக்குப் போய் நின்றேன். ஒருவரும் வரவில்லை. மின்சாரக்காரர் வந்தார், ஒரு நாள் கோயில் ஆட்கள் வந்தார்கள். யாராவது வந்து அவளுக்கு முன்னால் என் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள் என்று நினைத்து நினைத்து எனக்கு எட்டுக் கிலோ குறைந்துவிட்டது. சாப்பிட வைக்க அவள் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நானே சொல்லிவிட்டேன். பூ வாங்கிக்கொண்டு வந்த நாட்களையும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் எழும்பிப் போய் அண்ணரின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துத் தன் அறைக்குள் கொண்டுபோய் வைத்தாள். நாலு நாள் என்னோடு பேச்சில்லை. சாப்பாடு மட்டும் மேசையில் இருக்கும். ஐந்தாம் நாள் காலை, வெங்காயம் வெட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

“அந்தப் பிள்ளைக்குக் கிடைச்சுதோ?”

தெரியாது என்றேன்.

“கேட்டு எழுதச் சொல்லுங்கோ.”

அவ்வளவுதான். வேறு எதுவும் இன்றுவரை பேசவில்லை. எழுதுங்கள்.

தம்பி

---

டூங்கபி
26.09.2025

அன்பின் நாகலட்சுமிக்கு,

இத்தனை வருடத்தில் உனக்கென்று நான் எழுதும் முதல் கடிதம் இது. உன் பிரஷர் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் அவனிடம்தான் கேட்டிருக்கிறேன்.

சுஜீதனுக்குக் கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. அவன் சொன்னதை நம்புவதாக எழுதியிருக்கிறார்கள். சாட்சியின் தம்பி என்று இரண்டு இடத்தில் வருகிறது, பெயர் இல்லை. என்மீது நடவடிக்கை வருமா என்று தெரியாது, கல்யாணியாலும் சொல்ல முடியவில்லை. சுஜீதன் முல்லைத்தீவுக்குப் போன் எடுத்து, மகளின் குரல் கேட்டதும் என்னிடம் போனைத் தந்துவிட்டான். அந்தப் பிள்ளை, அப்பா எங்களை எப்ப அங்க கூப்பிடுவார் என்று கேட்டது. கூப்பிடுவார் என்றேன்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உன்னை அருந்தவனுக்குக் கல்யாணம் பேசி வந்தது நான். உன் அம்மா உன் அண்ணரின் படத்தைக் காட்டி அழுதபோது பக்கத்தில் இருந்து தேற்றியதும் நான். அவனுக்குத் தெரிந்த அளவு எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் உன்னைப் பேசினேன். அவனை மட்டும் கோபிக்காதே.

ஒக்டோபர் நாலாம் திகதி சனிக்கிழமை காலை விமானத்தில் வருகிறேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் விருப்பம்.

விமலா